மெழுகு போட்ட கேப்

கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் பல வருடம் கழித்துச் சந்தித்தால் முதலில் முடியைப் பார்ப்பார்கள், அடுத்து தொப்பையை. அதன் பிறகு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். என் அத்தையின் வகுப்பில் அப்படியில்லை. அங்கே முதல் கேள்வியே, "என் வேலை இன்னும் நிக்குதா?" என்பதுதான். கேட்கப்பட்டவர் பதில் பேச மாட்டார். வாயைத் திறந்து காட்டுவார்.

அவர்கள் பல் மருத்துவர்கள். பேருந்து கடைசியாகத் திரும்பும் இடத்தையும் தாண்டி இருந்த ஒரு கல்லூரியில் படித்தவர்கள். அவ்வளவு தூரம் வந்து மாணவர்களிடம் வாயைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் ஒருவர் வாயில் இன்னொருவர் கை வைத்துத் தொழில் கற்றார்கள். இன்று அந்த வகுப்பில் யார் வாயை எடுத்தாலும் இன்னொருவருடைய கைவேலை அதில் இருக்கும். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள்கூட எதிராளி அடைத்துவிட்ட பல்லால்தான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறார்கள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன வாய்க்கண்ணாடியும் கைவிளக்கும் மேசை மேசையாகச் சுற்றும். ஒவ்வொருவருடைய பட்டப்பெயராகக் கூப்பிட, அவருடைய வேலையை வாயில் சுமப்பவர்கள் எழுந்து ஆவென்று நிற்பார்கள். தீர்ப்பு இரண்டே வகை: நிக்குது, போச்சு. 'போச்சு' வாங்கியவர் எத்தனை பெரிய பேராசிரியராக இருந்தாலும் அன்று முழுக்கக் கேலிக்குத் தப்ப முடியாது. தட்டு வைக்க வந்த பரிமாறுபவர்கள் மாட்டுச் சந்தைக்குள் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தயங்குவார்கள்.

அத்தையின் பட்டப்பெயர் ஜட்ஜ். விடுதிச் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட அதைக் கருத்தாகச் சொல்லாமல் தீர்ப்பாகச் சொன்னதால் வந்த பெயர். என் அப்பாவின் அக்கா. டயர் கடைக்கு மேலே, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத படிக்கட்டின் உச்சியில் அவருடைய கிளினிக் இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு ஜூனியர் டாக்டர். விடுமுறை நாட்களில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது நான். கீழே சக்கரத்தைக் கழற்றும் கருவி அலறும்போதெல்லாம் மேலே நாற்காலியில் இருப்பவர் துள்ளி விழுவார். "அது கீழ. இன்னும் நான் ஆரம்பிக்கலை," என்பார் அத்தை.

நோயாளிகளைத் தடவிக்கொடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "வலிக்குமா டாக்டர்?" என்று கேட்டால், "வலிக்கும். அப்புறம் நின்னுடும்," என்பார். "நீங்க பல்லு தேய்க்கிறீங்களா, இல்ல சும்மா பிரஷ்ஷைக் காட்டிட்டு வர்றீங்களா?" என்று ஒரு வங்கி மேலாளரைக் கூட்டத்துக்கு நடுவில் கேட்டிருக்கிறார். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. திட்டினாலும் கை லேசு என்று பேர்.

இப்படி ஊரையே மிரட்டும் அத்தை, போன மாதம் ஒரு பக்கமாக மெல்ல ஆரம்பித்தார்.

முதலில் கவனித்தவர் மாமா. கிளினிக்கின் காற்று இயந்திரத்தைப் பழுது பார்ப்பதும் வீட்டில் அத்தையைப் பழுது பார்க்காமல் இருப்பதும் அவருடைய வேலைகள். "ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்குறவ தன் பல்லுன்னா எப்படி ஓடுறா பாரு," என்று என்னிடம் சொன்னார், அத்தைக்குக் கேட்கும் அளவுக்கு.

"ஒண்ணுமில்ல. ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கு."

"அந்த ஈறு ஒரு வாரமா மாத்திரை திங்குதே?"

கிளினிக்கில் ஜூனியர் டாக்டர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மேடம், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா?" என்றார்.

"எதுக்கு? என் பல்லு எனக்குத் தெரியாதா?"

"அந்த கேப் போட்ட பல்லுதானே மேடம்? உள்ள சொத்தை ஆயிருக்கும்."

"நீ போய் உன் பேஷண்டைப் பாரு."

அவர் போனார். எக்ஸ்ரே இயந்திரம் மூலையில் துணி போர்த்தி நின்றது. அத்தை அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்ன தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

அந்த கேப்பின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

அத்தையின் விடுதி அறைத்தோழிக்கு மெழுகு என்று பெயர். முதல் வருடத்தில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்களாம். மற்றவர்கள் செதுக்கியதில் பாதி சோப்பு மாதிரி இருக்கும், பாதி உருளைக்கிழங்கு மாதிரி. இவர் செதுக்கியது மட்டும் இப்போதுதான் யாரோ வாயிலிருந்து கழன்று விழுந்தது போல இருக்கும். ஆசிரியர்களே ஒன்றிரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்களாம். கடைசி வருடத் தங்கப் பதக்கம் மெழுகுக்குத்தான் என்று எல்லோரும் முடிவு செய்து, விருந்து எங்கே என்றுகூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசித் தேர்வில் உயிருள்ள ஒரு பல்லை அரைத்துச் சின்னதாக்கி அதன்மேல் உலோக கேப் போட்டுக் காட்ட வேண்டும். மெழுகு ஒரு லாரி ஓட்டுநரைப் பிடித்து வைத்திருந்தார். மலைப்பாதையில் வண்டி ஓட்டும் மனிதர். அரைக்கும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டதும் கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனவர், இன்றுவரை திரும்பி வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். மெழுகின் நாற்காலி காலி.

அத்தைக்கு மறுநாள்தான் தேர்வு. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், வெள்ளைக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, யாருடைய துப்பட்டாவையோ தலையில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் ஏறிப் படுத்துவிட்டார்.

"எழுந்திரு. இந்தப் பல்லுல உனக்குச் சொத்தையே கிடையாதேடி," என்று மெழுகு காதில் கிசுகிசுத்தாராம்.

"இனிமே இருக்கும். அரை."

தேர்வாளர் வந்து என்ன தொழில் என்று கேட்க, அத்தை தையல்காரி என்று சொல்லியிருக்கிறார். அவர் வாயைப் பார்த்து ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்தார். மறுநாள் அத்தையே வெள்ளைக் கோட்டுடன் தேர்வுக்கு நின்றபோது, "நேத்து உங்க அக்கா வந்திருந்தாங்களா?" என்று கேட்டாராம்.

"ஆமா சார்."

"ரொம்ப நல்ல பல்லு அவங்களுக்கு," என்று மட்டும் சொன்னாராம்.

கேப் தயாராகி வந்து மாட்டியபோது அது உயரமாக இருந்தது. வாயை மூடினால் மற்ற பற்கள் சேர்வதற்கு முன் இது போய் முட்டும். மெழுகுக்கு மதிப்பெண் கரையோரமாக வந்து நின்றது. தேறினார், அவ்வளவுதான். பதக்கம் தலைவர் என்ற பட்டப்பெயர் கொண்டவருக்குப் போனது. வகுப்புத் தலைவராக இருந்ததால் அந்தப் பெயர். பிறகு சங்கத் தலைவர், குடியிருப்போர் தலைவர் என்று போய் இப்போது ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கே முதல்வர்.

மெழுகு அதன் பிறகு பல் பக்கமே போகவில்லை. கணவருக்குக் குளியலறை டைல்ஸ் கடை. அங்கே உட்கார்ந்தார். "பல்லு ரெண்டு வரிசைதான். சுவருக்கு எத்தனை வரிசை பாரு," என்பாராம். அத்தையும் அவரும் வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அத்தை, "உன் கேப் இன்னும் உயரமாத்தான் இருக்கு. மெழுகுல அப்படிச் செதுக்கினவ, என் வாயில மட்டும் எப்படிடி சொதப்பின?" என்று கேட்பார். "கேப் சரியாத்தான் இருக்கு. உன் வாய்தான் நீளம்," என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். முப்பத்தைந்து வருடமாக அதே கேள்வி, அதே பதில். பேச்சை முடிக்க அவர்களுக்கு அது ஒரு வழி என்று நினைக்கிறேன்.

போன வருடம் வாடிக்கையாளர் ஒருவருக்கு நீல டைல்ஸ் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த மெழுகு, கொஞ்சம் உட்காருகிறேன் என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அவசரத்தில் ஒருவர் பிறந்தநாள் கேக் படத்தை அனுப்பிவிட்டார். அதைப் பார்த்த இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். அத்தை எதையும் அனுப்பவில்லை.

இந்த முறை சந்திப்பில் மெழுகைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். பேச்சைவிட அவருக்குப் பெரிய கவலை கண்ணாடி சுற்றும் நேரம். மெழுகு மாணவியாக இருந்தபோது அடைத்த இன்னொரு பல் மிட்டாயோடு சேர்ந்து ஒருவர் வயிற்றுக்குள் போயிருந்தது. வேறொருவர் வெளிநாடு போய் வாய் முழுக்கப் புதிதாக மாற்றிக்கொண்டுவிட்டார். மிச்சம் அத்தையின் கேப் மட்டும்தான்.

"வேர் சிகிச்சை பண்ணா கேப்பை ஓட்டை போடணும்," என்று காரில் போகும்போது எனக்கு விளக்கினார். வலி மாத்திரையின் மயக்கத்தில் இருந்ததால் அன்று வண்டியை நான்தான் ஓட்டினேன். "பிடுங்கினா பல்லோட சேத்து குப்பைக்குப் போகும். அவ பேரைக் கூப்பிடும்போது எழுந்து நிக்க ஒரு வாயாவது வேணாமா? இன்னிக்கு முடியட்டும். நாளைக்கு யார் வேணா என்ன வேணா பண்ணிக்கட்டும்."

"அதுவரைக்கும் தாங்குமா அத்தை?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஹோட்டலின் இரண்டாவது மாடியில் கூடம். வாசலிலேயே ரேடியோ நின்றிருந்தார். யாருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சம்பந்தப்பட்டவருக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கும் தோழி.

"வாடி ஜட்ஜ்! என்ன, ஒரு கன்னம் மட்டும் குண்டாயிருக்கு?"

"ரெண்டும் குண்டுதான். நீ ஒரு பக்கமா நின்னு பாக்குற."

முதலில் ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னார்கள். ஒருவருக்கு மூன்று கிளினிக், நான்காவதற்கு இடம் பார்க்கிறாராம். இன்னொருவர் தொழிலை விட்டுவிட்டு நாய் வளர்க்கிறார். "அதுங்களும் கடிக்கும். ஆனா கடிச்சுட்டு, டாக்டர் சரியில்லன்னு வெளியில போய்ச் சொல்லாது," என்றார். மருமகளின் பதவி உயர்வைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்தார். அவர் என்ன செய்கிறார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அடுத்து மறைந்தவர்களின் படங்கள் திரையில் வந்தன. தலைவர் தன் கையாலேயே தயாரித்ததாம். சோகமான புல்லாங்குழல். மெழுகின் படத்துக்குக் கீழே, 'தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தந்தவர்' என்று எழுதியிருந்தது.

"எவளுக்கு ஒளி தந்தா?" என்று அத்தை பல்லைக் கடிக்க முடியாமல் முணுமுணுத்தார். "பாத்ரூம் டைல்ஸ் வித்தா. அதையும் பேரம் பேசாம விக்க மாட்டா."

பிறகு கண்ணாடி கிளம்பியது. அத்தைக்குப் பக்கத்தில் மெலிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு பக்கத்து வீடு என்று பெயர். கடைசி வருடத்தில் விடுதிக் காப்பாளர் பல்வலி என்று வந்தபோது, வலித்த பல்லை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியவர். அந்த வருடம் முழுக்க விடுதிக் கதவு இருட்டுவதற்கு முன்பே பூட்டப்பட்டது என்றும், அதில் இரண்டு காதல்கள் முறிந்தன என்றும் சொல்வார்கள். அன்றிலிருந்து அவர் எந்தப் பல்லைத் தொடுவதற்கு முன்பும் முன்வாயிலிருந்து சத்தமாக எண்ணுவார். எண்ணியதை மறுபடி எண்ணுவார். அவரிடம் போகும் புது நோயாளிகள் டாக்டர் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்களாம்.

"மெழுகு!" என்று தலைவர் கூப்பிட்டார். கூடம் கொஞ்சம் அடங்கியது.

அத்தை எழுந்தார். வாயைத் திறந்தார். தலைவர் கண்ணாடியை உள்ளே விட்டு விளக்கை அடித்தார். "நிக்குது!" என்று அறிவித்தார். கை தட்டினார்கள். அத்தையின் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் வெளியே எடுத்த கண்ணாடியின் பிடி கடைவாயில் லேசாக இடித்தது. அத்தை போட்ட சத்தத்தில் பரிமாறுபவர் ஒருவர் கரண்டியைக் கீழே போட்டார்.

"ஏய், வலி இருக்கு இவளுக்கு!" என்றார் ரேடியோ. "அதான் வந்ததுலேர்ந்து ஸ்ட்ரா வச்சு ஒரு பக்கமா குடிக்கிறாளா?"

அதற்குப் பிறகு நடந்ததைப் பல்வலி உள்ள யாருக்கும் நான் விரும்ப மாட்டேன். ஒரே நேரத்தில் முப்பது பல் மருத்துவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மூன்று கிளினிக் வைத்திருப்பவர் வேர் சிகிச்சை என்றார். நாய் வளர்ப்பவர்கூடக் கருத்து சொன்னார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. பழைய கேப். உள்ள அழுகியிருக்கும். எடுத்துட வேண்டியதுதான்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் அத்தை.

"நாளைக்கு எதுக்கு? தொண்டைக்கு இறங்கிட்டா? உனக்குத் தெரியாததா? இந்தப் பல்லை இனிமே யாராலயும் காப்பாத்த முடியாது, ஜட்ஜ். மெழுகே வந்தாலும் முடியாது."

அத்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பதில் பேசாமல் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"இருங்க, நான் ஒரு தடவை எண்ணிக்கிறேன்," என்றார் பக்கத்து வீடு.

"எண்ணுறியா? என்ன, ஏலம் விடப் போறியா?" என்றார் தலைவர்.

அவர் காதில் வாங்கவில்லை. நாற்காலியை அத்தைக்கு எதிரே இழுத்துப் போட்டு, கைகழுவிவிட்டு வந்து, முன்பல்லிலிருந்து ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. கேப் போட்ட பல்லைத் தாண்டி அதற்கடுத்த பல் வரை போய், திரும்பி வந்து, மறுபடி போனார். கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"யாராவது அந்த ஜூஸ்லேர்ந்து ஒரு ஐஸ் எடுங்க."

எதற்கு என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது. உயிருள்ள பல்லுக்குக் குளிர் தெரியும், செத்த பல்லுக்குத் தெரியாது. உலோக கேப்புக்குள் இருந்தாலும் தெரியும். மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம். முப்பது பேரும் அதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். தீர்ப்பு சொல்லும் அவசரத்தில் யாரும் அதைச் செய்யவில்லை.

ஐஸ் துண்டைக் கைக்குட்டையில் பிடித்து கேப்பின்மேல் வைத்தார். அத்தை நாற்காலியோடு எழும்பினார்.

"எடுடா, எடுடா! பாவி!"

"குளிருதா?"

"ஐஸ் வச்சா சுடவா செய்யும்?"

"உசுரோட இருக்கு," என்று பக்கத்து வீடு பொதுவாகச் சொன்னார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கி அடுத்த பல்லில் வைத்தார். பெரிதாக அடைக்கப்பட்ட கறுத்த கடைவாய்ப்பல். அத்தை காத்திருந்தார். தண்ணீர் அவர் மோவாயில் வழிந்தது.

"சீக்கிரம் வையேன். எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வச்சிருப்பேன்?"

"வச்சு, அது உருகியே போச்சு."

அவர் ஸ்பூனின் பிடியால் அந்தப் பல்லை லேசாகத் தட்டினார். அத்தையின் கால் தானாகப் பாய்ந்து அவர் முழங்காலில் விழுந்தது.

"இதுதான்," என்றார், முழங்காலைத் தேய்த்தபடி. "கேப் போட்டது இல்ல. இது செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. வலி மட்டும் பக்கத்துல காட்டுது."

ரேடியோ கைவிளக்கைப் பிடுங்கி உள்ளே அடித்துப் பார்த்தார். "இந்த அடைப்பு யாரோடது?"

எல்லோரும் மெல்ல ஒரு திசையில் திரும்பினார்கள்.

"அது மூணாம் வருஷத்துல செஞ்சது," என்றார் தலைவர். "அப்போ எனக்குச் சரியான விளக்கு கொடுக்கல."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. வலித்ததில் கண்ணில் தண்ணீர் வர, கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விட்டு விட்டுச் சிரித்தார். "போச்சு!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. மெழுகைப் பற்றிய ஐந்து நிமிடம் அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. குழுப் படம் எடுப்பவர் வந்து எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொல்லிவிட்டார். பல் தெரியச் சிரியுங்கள் என்று வேறு சொன்னார்.

மறுநாள் காலை டயர் கடைக்கு விடுமுறை. படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராகப் பக்கத்து வீடும் ரேடியோவும் ஏறி வந்தார்கள். கடைசியில் தலைவர்.

"நீ எதுக்கு வந்த?" என்றார் அத்தை, நாற்காலியில் படுத்தபடி.

"என் அடைப்பு. நான் இருக்கிறதுதான் முறை."

"அப்ப எச்சில் உறிஞ்சுற குழாயைப் பிடி."

ஒரு கல்லூரியின் முதல்வர் குழாயைப் பிடித்தார். நான் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பழைய அடைப்பைப் பெயர்த்தபோது பல் அடிவரை விரிசல் விட்டிருந்தது. காப்பாற்ற வழியில்லை. பக்கத்து வீடு எண்ணினார். மறுபடி எண்ணினார். நெம்புகோலை வைத்து அசைத்தார். பல் அசைந்து கொடுத்தது. கடைசி அசைவில் நெம்புகோல் சற்றே சாய்ந்து, டக்கென்று ஒரு சத்தம்.

தட்டில் இரண்டு பொருள்கள் விழுந்தன. ஒன்று செத்த பல். இன்னொன்று, கேப்.

"ஐயோ!" பக்கத்து வீட்டின் முகம் வெளுத்தது. "மறுபடியுமா!"

"பல்லு இருக்குடா, கேப் மட்டும்தான் கழண்டிருக்கு," என்று ரேடியோ உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். "தலைவரே, இங்க வந்து பாரு."

மூன்று தலைகளும் அத்தையின் வாய்க்கு மேலே கூடின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேப் போடும் பல்லை நான் கிளினிக்கில் பலமுறை பார்த்திருக்கிறேன். சுற்றிலும் மேலேயும் அரைத்து, ஒரு சின்ன முளை மாதிரி ஆக்கியிருப்பார்கள். இது அப்படியில்லை. பக்கங்களில் லேசாகச் சீவியதோடு சரி. மேல்பகுதி மேடும் பள்ளமுமாக, கிட்டத்தட்ட முழுப் பல்லாகவே இருந்தது.

"மேல அரைக்கவே இல்ல," என்றார் தலைவர் மெதுவாக. "அரைச்சாத்தான் கேப் உக்கார இடம் கிடைக்கும். இப்படி விட்டா கேப் உயரமாத்தான் நிக்கும். தேர்வாளர் இதுக்குத்தான் மார்க்கை வெட்டியிருக்கார்."

"தெரியாம விட்டிருப்பாங்களா?" என்று நான் கேட்டேன்.

"யாரு, அவளா?" என்றார் பக்கத்து வீடு. "மெழுகுல ஒரு முடி அளவு பிசகினாலும் மொத்தத்தையும் உருக்கிட்டு மறுபடி செய்யறவம்மா அவ. நல்ல பல்லுன்னு தெரிஞ்சு, மனசு வராம விட்டிருக்கா."

"அந்த வருஷத்து மெடல்..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"சொல்லு, முழுசா சொல்லு," என்றார் ரேடியோ.

தலைவர் குழாயின் கோணத்தைச் சரிசெய்வதில் மும்முரமானார்.

அத்தை கையை நீட்டினார். நான் கண்ணாடியைக் கொடுத்தேன். மரத்துப் போன உதட்டை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு தன் வாய்க்குள் பார்த்தார். அவருடைய தொழிலில் ஒரு பல்லைப் பார்க்க அவருக்குக் கண நேரம் போதும். இதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, பாதி வாயால், "கழுதை," என்றார்.

யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

பக்கத்து வீடு கேப்பைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே இன்னும் பளபளப்பு இருந்தது. ரேடியோ சிமெண்ட்டைக் குழைக்க ஆரம்பித்தார். தலைவர் கேப்பை வாங்கி, ஒரு நிபுணரின் அக்கறையோடு, "ஒட்டுறதுக்கு முன்னாடி மேல ஒரு இழை தேய்ச்சுடட்டுமா? எதிர்ப்பல்லோட மட்டமா உக்காரும். இத்தனை வருஷத் தொந்தரவு போயிடும்," என்றார்.

அத்தை பாதி எழுந்து உட்கார்ந்தார்.

"தொட்டுப் பாரு. கடிச்சு வச்சிடுவேன்."

அப்படியே ஒட்டினார்கள். பல் பிடுங்கிய இடத்தில் ஒரு பஞ்சு, கேப்பின்மேல் ஒரு பஞ்சு. "அரை மணி நேரம் அழுத்திக் கடிச்சுக்கோ. பேசக் கூடாது," என்றார் பக்கத்து வீடு. அத்தை தன் நோயாளிகளிடம் அதே சொற்களைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவர்களில் யாரும் அத்தை அளவுக்குக் கோபமாகக் கேட்டதில்லை.

கிளம்புவார்கள் என்று நினைத்தேன். யாரும் கிளம்பவில்லை. ரேடியோ இரண்டாவது நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தலைவர் துப்பும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். மாமா கீழேயிருந்து காபி வாங்கிக்கொண்டு வந்தார், அத்தையைத் தவிர எல்லோருக்கும்.

"அந்த விடுதிக் காப்பாளர் தட்டுல மெழுகு ஒரு பல்லைச் செஞ்சு போட்டாளே, ஞாபகம் இருக்கா?" என்று ரேடியோ ஆரம்பித்தார். "சூப்பைக் குடிச்சுட்டே இருந்தவர், கரண்டியில பல்லைப் பாத்ததும் வாய்க்குள்ள விரலை விட்டு ஒவ்வொண்ணா தடவிப் பாத்தாரே!"

அத்தையின் விரல் உயர்ந்தது. இல்லை என்று ஆடியது.

"என்ன இல்ல? சூப்தான். தக்காளி சூப்."

விரல் இன்னும் வேகமாக ஆடியது.

"அது நடந்தது மூணாம் வருஷம்," என்றார் தலைவர்.

அத்தை இரண்டு கையையும் தூக்கினார்.

"அன்னிக்குச் சிரிச்சு மாட்டிக்கிட்டது ஜட்ஜ்தானே?" என்றார் பக்கத்து வீடு. "மெழுகு கல்லு மாதிரி உக்காந்திருந்தா. இவதான் சிரிச்சு, விஷயத்தைப் போட்டுக் கொடுத்தா."

அத்தை என்னைப் பார்த்தார், ஏதாவது செய் என்பது போல. எனக்கு என்ன தெரியும்? நான் காபியைக் குடித்தேன். அவர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள். டைல்ஸ் கடைத் திறப்பு விழாவில் மெழுகு எல்லோருக்கும் பல் துலக்கும் பசையைப் பரிசாகக் கொடுத்தது, யாரோ ஒருவருடைய காதல் கடிதத்தை வாங்கி எழுத்துப் பிழை திருத்தித் திருப்பி அனுப்பியது, தேர்வறையிலிருந்து ஓடிய லாரி ஓட்டுநர் பிறகு கடைக்கு டைல்ஸ் வாங்க வந்தது. எல்லாக் கதையிலும் ஏதோ ஒன்று தவறு என்பது அத்தையின் புருவத்திலிருந்து தெரிந்தது. வாய் அசையவில்லை. பஞ்சைக் கடித்தபடி, கேட்டுக்கொண்டே இருந்தார். முட்டும் இடத்தில் முட்டிக்கொண்டு கேப் உறைந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீடு கடிகாரத்தைப் பார்த்தார். "போதும். எடுக்கலாம்."

அத்தை பஞ்சைத் துப்பினார். வாயை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார். இன்னொரு முறை மூடி, நாக்கால் தடவினார்.

"எப்படி இருக்கு?"

"உயரமாத்தான் இருக்கு," என்றார். பிறகு ரேடியோ பக்கம் திரும்பி, நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். "இப்ப கேளு. முதல்ல, அது சூப்பே இல்ல..."